பொகோட்டாவில் எட்டே முக்கால் மணி நேரம்

பெரு நாட்டு மலையில் இருக்கும் பழைய இன்கா நகரமான மச்சு பிச்சு பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் ரொம்ப நாள் ஆசை. மின்வாரியத்தில் வேலை பார்த்த காலத்தில் ஏதோ ஒரு காலண்டரில் வந்த படத்தை வெட்டி, திண்டுக்கல் வீட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தார். போன வருடம் அவரும் அம்மாவும் ஆறு மாதம் எங்களோடு இருக்க நியூ ஜெர்சி வந்தார்கள். இப்போது விட்டால் அப்புறம் நடக்காது என்று அக்டோபரில் டிக்கெட் போட்டேன். அம்மாவுக்கு முட்டி வலி. "பேரனை நான் பாத்துக்கிறேன், நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றுவிட்டார்.

நியூயார்க்கிலிருந்து நேராகப் பெருவின் தலைநகரான லிமா போகும் டிக்கெட்டின் விலை கையைச் சுட்டது. கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவில் இறங்கி மாறினால் இருவருக்கும் சேர்த்து நல்ல தொகை மிச்சம். ஆனால் ஞாயிறு விடியற்காலை 5 மணிக்கு இறங்கி, இரவு 7.20 வரை அடுத்த விமானத்துக்குக் காத்திருக்க வேண்டும். 14 மணி 20 நிமிடம். 67 வயது மனிதரை விமான நிலைய நாற்காலியில் அவ்வளவு நேரம் உட்கார வைக்க மனம் வரவில்லை. ஊருக்குள் போவது என்று முடிவு செய்தோம். தென் அமெரிக்கப் பயணத்தில் பொகோட்டாவில் மாறும் நம் ஆட்கள் இப்போது நிறைய. அந்த நேரத்தை வீணாக்காமல் இருக்க இது உதவினால் சந்தோஷம்.

முதலில் விசா. இந்திய பாஸ்போர்ட் என்றாலே கொலம்பியாவுக்குத் தனி விசா வேண்டும் என்று பலரும் நினைத்து வெளியே போகாமலே இருந்துவிடுகிறார்கள். செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோ ஷெங்கன் விசாவோ கையில் இருந்து, அதில் குறைந்தது 180 நாள் மிச்சம் இருந்தால் நம்மைச் சுற்றுலாவுக்கு விசா இல்லாமல் உள்ளே விடுகிறார்கள். அப்பாவுக்கு பத்து வருட பி1/பி2 சுற்றுலா விசா, எனக்கு எச்1பி என்ற வேலை விசாவின் ஸ்டாம்பிங். பாஸ்போர்ட்டில் ஸ்டாம்பிங் முடிந்துபோய் ஐ-797 என்ற ஒப்புதல் காகிதம் மட்டும் வைத்திருப்பவர்கள் இந்த வழியை நம்பிக் கிளம்ப வேண்டாம். அவர்களுக்கு அமெரிக்கா திரும்புவதே சிக்கலாகிவிடும். பெருவுக்கும் கிட்டத்தட்ட இதே மாதிரி சலுகை உண்டு. விதிகள் மாறக்கூடியவை என்பதால் டிக்கெட் போடும் முன் கொலம்பிய வெளியுறவுத் துறையின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அந்தப் பக்கத்தை அச்செடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் விமான நிறுவன கவுண்டரில் இருந்த இளைஞருக்கு இந்த விதி தெரியவில்லை. "இந்தியர்களுக்கு விசா வேண்டும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். காகிதத்தை நீட்டியதும் மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டினார், இருபது நிமிடத்தில் சரியானது. காகிதம் இல்லாவிட்டால் அந்த இரவே வேறு மாதிரி போயிருக்கும்.

செக்-மிக் என்று ஒரு ஆன்லைன் படிவம் இருக்கிறது. கொலம்பிய குடிவரவுத் துறையின் தளத்தில் பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பலாம். இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை.

இன்னொன்று மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. இதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். பொகோட்டா இருக்கும் உயரத்தில் அந்தக் காய்ச்சல் கிடையாது. ஆனால் இந்திய அரசு பார்ப்பது நாட்டை. கொலம்பியா, பெரு இரண்டுமே அதன் மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியலில் இருக்கின்றன. அங்கிருந்து கிளம்பிய ஆறு நாளுக்குள் சென்னையிலோ டெல்லியிலோ போய் இறங்கினால் மஞ்சள் அட்டையை, அதாவது தடுப்பூசிச் சான்றிதழைக் கேட்பார்கள். இல்லையென்றால் தனிமைப்படுத்தி வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் அட்டை செல்லும். அப்பா இந்தியாவிலிருந்து கிளம்பும் முன்பே கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டார். 60 வயது தாண்டியவர்களுக்கு இந்த ஊசியில் கொஞ்சம் கூடுதல் கவனம் தேவை, அதனால் எங்கள் குடும்ப மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் போனார்.

இனி நேரக் கணக்கு. இடைநிறுத்தத்தில் எல்லோரும் இறங்கும் நேரத்திலிருந்து எண்ணுகிறார்கள். நான் கடைசியிலிருந்து எண்ணினேன். 7.20க்கு விமானம். பன்னாட்டு விமானம் என்பதால் 4.20க்கு நிலையத்தில் இருக்க வேண்டும். அப்படியானால் 3.15க்கு ஊரிலிருந்து வண்டி ஏறிவிட வேண்டும். இந்தப் பக்கம் 5 மணிக்கு இறங்கினால், குடிவரவு வரிசை முடிந்து வெளியே வர 6.30 ஆகும் என்று வைத்தேன். ஆக 14 மணி 20 நிமிடத்தில் கையில் நிற்பது எட்டே முக்கால் மணி நேரம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், எட்டு மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளியில் வெளியே போகவே கூடாது என்பது புரிந்துவிடும். பத்து மணி நேரம் இருந்தால் ஒரே ஒரு இடம். பன்னிரண்டுக்கு மேல் இருந்தால்தான் மலையும் ஊரும்.

பெட்டிகள் லிமாவுக்கே நேராகப் போகும்படி நியூயார்க்கில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். சீட்டில் அச்சான மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள், லிமா என்றால் எல்ஐஎம் என்று இருக்க வேண்டும். இரண்டாவது விமானத்துக்கான போர்டிங் பாஸையும் அங்கேயே வாங்கிவிட்டேன். கையில் ஒரு முதுகுப்பை, அவ்வளவுதான்.

எல் டொராடோ விமான நிலையம். அந்தப் பெயரைச் சொன்னதும் அப்பா, "அது தங்க ஊரு இல்ல பாப்பா? கதையில வருமே" என்றார். ஸ்பானிய மொழியில் எல் டொராடோ என்றால் பொன் பூசிய மனிதன். ஊரைத் தேடி அலைந்தது பிற்பாடு வந்த கதை. முதலில் அது ஒரு ஆளைக் குறித்த பெயர்தான். அந்த ஆளை அன்று மத்தியானம் கண்ணால் பார்த்தோம், சொல்கிறேன்.

வரிசை எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் நகர்ந்தது, ஆறு மணிக்கெல்லாம் வெளியே வந்துவிட்டோம். கட்டடத்துக்குள் இருக்கும் ஏடிஎம்மில் கொஞ்சம் பேசோ எடுத்தேன். டாலருக்கு ஏறக்குறைய நாலாயிரம் பேசோ என்பதால் எல்லாமே ஆயிரக்கணக்கில்தான். "மில்" என்றால் ஆயிரம், அந்த ஒரு வார்த்தை தெரிந்தால் கடைகளில் பாதி பேச்சு புரியும். பக்கத்துக் கடையில் சூடாக உருண்டை ரொட்டி. பன்தேபோனோ என்றார்கள். மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சுடுவது. பிய்த்தால் உள்ளே இழுபடுகிறது. கூடவே தின்தோ, அதாவது சின்னக் கோப்பையில் கறுப்புக் காபி. தூங்காமல் வந்த மனிதருக்கு வெறும் காபியை ஊற்றிவிட்டுத் தண்ணீர் கொடுக்க மறந்தேன். அன்று நான் செய்த தப்புகளில் முதலாவது அது.

நிலைய வாசலில் அதிகாரப்பூர்வ டாக்சி வரிசை இருக்கிறது, அதிலேயே ஏறுங்கள். வெளியே வந்து "டாக்சி, டாக்சி" என்று கூப்பிடுபவர்களை விட்டுவிடுங்கள். செயலி வண்டிகளும் ஓடுகின்றன. ஆனால் அவற்றின் சட்ட நிலை தெளிவாக இல்லாததால் ஓட்டுநர்கள் ஒரு ஆளை முன் சீட்டில் உட்காரச் சொல்வார்கள். பயப்பட ஒன்றுமில்லை.

ஊரின் அமைப்பு ரொம்ப எளிது. கிழக்கே மலைத்தொடர் மதில் மாதிரி நிற்கிறது. மலைக்கு இணையாக ஓடும் தெருக்கள் கரேரா, மலையை நோக்கிப் போகும் தெருக்கள் காயே. இரண்டுக்கும் எண்கள்தான். விமான நிலையம் மேற்கே. அங்கிருந்து காயே 26 என்ற அகலச் சாலை கிட்டத்தட்ட நேராக மையத்துக்கு வந்து சேர்கிறது, சுமார் 15 கிலோமீட்டர். வழி நெடுகச் சுவர்களில் ஓவியங்கள், ஐந்து மாடிக் கட்டடத்தின் பக்கச் சுவர் முழுக்க ஒரே முகம் என்கிற அளவில். வழி தவறினால் மலை எந்தப் பக்கம் என்று பார்த்தால் போதும், கிழக்கு தெரிந்துவிடும்.

ஞாயிறு என்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. ஞாயிறும் விடுமுறை நாட்களும் காலை 7 முதல் மத்தியானம் 2 வரை நூறு கிலோமீட்டருக்கும் மேலான சாலைகளில் மோட்டார் வண்டிகளை நிறுத்திவிட்டு, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் விட்டுவிடுகிறார்கள். சிக்லோவீயா என்று பெயர். 1974 முதல் நடக்கிறது. அற்புதமான ஏற்பாடு, ஆனால் டாக்சிக்குச் சுற்று வழிதான். நாங்கள் 7 மணிக்கு முன்பே ஊரைக் கடந்து மலையடிவாரம் போய்விட்டோம், திரும்பும்போது 2 மணி தாண்டியிருந்தது. நான் திட்டமிட்டதில் முழுசாகப் பலித்தது இது.

இனி உயரம். பொகோட்டா இருப்பது 2,640 மீட்டரில். தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். தொட்டபெட்டா உச்சியில் 80 லட்சம் பேர் வாழும் ஊரைக் கட்டினால் எப்படியோ அப்படி. ஊட்டிக்கு நாம் பஸ்ஸில் ஏறும்போது உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்ளும். விமானத்தில் போனால் கதவு திறந்ததும் அந்த உயரம்தான். மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜன் கடல்மட்டத்தைவிடக் கால் பங்கு குறைவு. இது எனக்குத் தெரியும், படித்திருந்தேன். தெரிந்தும், காலையில் வானம் தெளிவாக இருக்கும், மத்தியானம் மேகம் மூடிவிடும் என்பதால் முதல் வேலையாக மொன்செர்ராத்தே மலைக்கு அப்பாவைக் கூட்டிப்போனேன். அது 3,152 மீட்டர். தொட்டபெட்டாவைவிட இன்னும் 500 மீட்டர் மேலே.

அடிவாரத்தில் ஒரே கூட்டம். மலை மேல் விழுந்த நிலையில் இருக்கும் ஏசுவின் சிலை உள்ள கோயில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பக்தர்கள் குவிகிறார்கள். படிப்பாதையில் பலர் நடந்தே ஏறுகிறார்கள், கையில் குழந்தையோடு, சிலர் வேண்டுதலாக முட்டி போட்டு. நடக்க முடியாதவர்களுக்கு ரோப் கார் உண்டு, தண்டவாளத்தில் இழுத்துப் போகும் வண்டியும் உண்டு. அந்த இழுவை வண்டி 1929 முதல் ஓடுகிறது. சரிவில் அது கீழே இறங்கி வருவதைப் பார்த்ததும் அப்பா முகம் மலர்ந்துவிட்டது. "பாப்பா, இது நம்ம பழனி வின்ச்சு!" என்றார். உண்மையிலேயே அதேதான். படியேறும் கூட்டம், வின்ச், ரோப் கார், மேலே சாமி. ஞாயிறு கட்டணமும் மற்ற நாட்களைவிடக் குறைவு, அதனால் வரிசை முக்கால் மணி நேரம் நின்றது.

மேலே இறங்கியதும் தைல மர வாசனை. நிலையத்திலிருந்து கோயிலுக்குக் கல் பாவிய ஏற்றம் ஒன்று. அதில் பாதி தூரம் போயிருப்போம், அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். திரும்பிப் பார்த்தால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உதடு வெளுத்திருந்தது, கையைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. "ஒண்ணுமில்ல பாப்பா, லேசா சுத்துது" என்றார். எனக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது.

கோயிலுக்குப் பின்னால் கடைகள் இருக்கின்றன. அங்கே ஒரு அம்மா எங்களைப் பார்த்ததும் தன் ஸ்டூலை எடுத்துப் போட்டு அப்பாவை உட்கார வைத்தார். வயிற்றில் கை வைத்து மெதுவாக மூச்சு இழுத்து விடச் சொல்லிச் சைகை காட்டினார். அப்புறம் ஒரு கோப்பையில் சூடாக ஏதோ கொண்டுவந்தார். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "வெல்லத் தண்ணி" என்றார். அகுவாபனேலா என்பது அதன் பெயர். கரும்புச் சாற்றைக் காய்ச்சி அச்சில் ஊற்றிய பனேலா, நம் அச்சு வெல்லமேதான். அதைத் தண்ணீரில் கரைத்துச் சூடாகக் குடிக்கிறார்கள். சுக்கும் ஏலமும் போட்டால் பானகம். அதையும் அரை லிட்டர் தண்ணீரையும் குடித்து, முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்த பிறகு முகத்தில் ரத்தம் வந்தது.

அந்த முக்கால் மணி நேரத்தில் நாங்கள் ஒன்றும் "பார்க்கவில்லை". கீழே ஊர் மேற்கு நோக்கி விரிந்து கிடந்தது, செங்கல் நிறத்தில், கண்ணுக்கு எட்டிய மட்டும். மேகத்தின் நிழல் ஒரு பேட்டையிலிருந்து இன்னொரு பேட்டைக்கு நகர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் திட்டத்தில் ஆறு இடங்கள் இருந்தன. வடக்கே உசாக்கென் ஞாயிறு சந்தை உட்பட. அங்கே உட்கார்ந்தபடியே நான்கை அடித்துவிட்டேன்.

பெரியவர்களோடு போகிறவர்கள் மொன்செர்ராத்தேயைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து மணி நேரம் கீழே நடமாடி, சாப்பிட்டு, உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். மேகம் மூடினால் மூடட்டும். இதய நோய், ரத்த அழுத்தம் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏறவே வேண்டாம். கடைகளில் கோகா இலை டீ கிடைக்கும், கொக்கேன் எடுக்கிற அதே இலைதான், உயரத்துக்கு நல்லது என்பார்கள். குடிப்பது உங்கள் விருப்பம். ஆனால் அதன் பாக்கெட்டையோ மிட்டாயையோ பையில் போட்டு அமெரிக்கா கொண்டுபோகாதீர்கள், அங்கே சட்டவிரோதம். வேலையில் போதைப்பொருள் சோதனை இருப்பவர்கள் குடிக்கவும் வேண்டாம், சோதனையில் காட்டிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. மலையடிவாரத்திலிருந்து பழைய நகரப் பகுதிக்குக் குறைந்த தூரம்தான், நடந்துவிடலாம் என்று வரைபடம் சொல்லும். நடக்காதீர்கள். வழிப்பறி நடக்கும் பாதை என்று அந்த ஊர்க்காரர்களே எச்சரிக்கிறார்கள். நாங்கள் டாக்சி பிடித்தோம். கொலம்பியாவில் ஒரு சொலவடை உண்டு: பப்பாளியைக் கொடுக்காதே. எடுத்துக்கொள் என்று நீயே நீட்டினால் எடுக்கத்தான் செய்வார்கள் என்று அர்த்தம். தெருவில் போனைக் கையில் பிடித்தபடி நடப்பது பப்பாளி கொடுப்பது. வழி பார்க்க வேண்டுமென்றால் ஒரு கடைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். கழுத்துச் செயினை நான் நியூ ஜெர்சியிலேயே கழற்றி வைத்துவிட்டேன்.

பதினொரு மணிக்குத் தங்க அருங்காட்சியகம். கரேரா 6, சான்தந்தேர் பூங்காவின் ஓரம். கொலம்பியாவின் மத்திய வங்கி நடத்துவது. ஞாயிற்றுக்கிழமை இலவசம், 10 மணிக்குத் திறக்கிறார்கள். திங்கள் விடுமுறை, இதைக் கவனிக்க வேண்டும். உள்ளே ஸ்பானியர் வருவதற்கு முந்தைய தங்கப் பொருட்கள், மொத்தத் தொகுப்பு 30 ஆயிரத்துக்கும் மேல். அத்தனையையும் பார்க்க முயலாதீர்கள். நாங்கள் இரண்டே பொருட்களின் முன்னால்தான் அதிக நேரம் நின்றோம்.

ஒன்று பொபோரோ. ஒரு சாண் உயரம், வழவழவென்று பூசணிக்காய் மாதிரி உடல், மேலே குறுகிய கழுத்து, வாயைச் சுற்றி நான்கு உருண்டைகள். கிம்பாயா என்ற பழங்குடி மக்களின் கைவேலை, 777 கிராம். 1939இல் வங்கி இதை வாங்கியதில்தான் இந்த அருங்காட்சியகமே தொடங்கியது. நான் பக்கத்தில் இருந்த விளக்கப் பலகையைப் படித்து அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடல் கிளிஞ்சலைச் சுட்டுப் பொடித்து இதற்குள் வைப்பார்கள், கோகா இலையை மெல்லும்போது ஒரு குச்சியால் இதைத் தொட்டு வாயில் வைத்துக்கொள்வார்கள்...

நான் முடிப்பதற்குள் அப்பா சொல்லிவிட்டார். "சுண்ணாம்புக் கரண்டகம்."

சட்டைப்பையிலிருந்து தன்னுடையதை எடுத்தார். அலுமினிய டப்பி, கட்டைவிரல் நீளம், ஓரம் நசுங்கி, மூடியில் சுண்ணாம்பு உலர்ந்து வெள்ளையாகப் படிந்தது. நியூ ஜெர்சியில் வெற்றிலை எப்போதாவதுதான் கிடைக்கும், இருந்தும் அந்த டப்பி இல்லாமல் அவர் வாசல் தாண்ட மாட்டார். அதைக் கண்ணாடிக்கு நேரே பிடித்தார். உள்ளே தங்கத்தில் ஒன்று, வெளியே அலுமினியத்தில் ஒன்று. "இலையை மட்டும் மென்னா ஒண்ணும் ஏறாதும்மா. சுண்ணாம்பு பட்டாத்தான் அதுல உள்ளது இறங்கும். இங்கேயும் எவனோ கண்டுபுடிச்சிருக்கான் பாரு" என்றார். அவர் சொன்னது சரிதான், கோகா இலையிலும் சுண்ணாம்பின் காரம்தான் சத்தைப் பிரித்து எடுக்கிறது. வடக்கே சியர்ரா நெவாதா மலைகளில் கோகி இனத்து ஆண்கள் இன்றும் சுரைக்குடுக்கையில் செய்த பொபோரோவைக் கையோடு வைத்திருக்கிறார்கள். நாங்கள் நிற்பதைப் பார்த்த காவலர் அருகில் வந்தார். அப்பா டப்பியைத் திறந்து காட்டினார். அவர் எட்டிப் பார்த்து, பொபோரோவைக் காட்டி, டப்பியைக் காட்டி, அப்பாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பொதுவாக இல்லாத இருவர்.

மற்றொன்று முயிஸ்கா தெப்பம். இருண்ட அறையில் தனியே வைத்திருக்கிறார்கள். 19.5 சென்டிமீட்டர் நீளம்தான், உள்ளங்கையில் வைத்துவிடலாம். கம்பிகளால் பின்னியது போன்ற தெப்பம், நடுவில் பெரிதாகத் தலைவன், சுற்றிலும் சின்னச் சின்ன ஆட்கள். பொன் பூசிய மனிதன் இவன்தான். குவாத்தவீத்தா ஏரியில் புதுத் தலைவன் உடம்பெல்லாம் பொன்தூள் பூசித் தெப்பத்தில் போய், தங்கத்தையும் மரகதத்தையும் நீரில் இட்டு வணங்குவான் என்பது இங்கே வாழ்ந்த முயிஸ்கா மக்களின் சடங்கு. 1969இல் பஸ்கா என்ற ஊரருகே ஒரு குகையில் விவசாயிகள் இந்தத் தெப்பத்தைக் கண்டெடுத்தார்கள். முயிஸ்காக்களின் நிலத்தில் தங்கம் அதிகம் விளையவில்லை. உப்பும் மரகதமும் கொடுத்துத் தங்கம் வாங்கி, அதையும் சாமிக்கே கொடுத்திருக்கிறார்கள். மெழுகில் உருவம் செய்து, மேலே களிமண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகத்தை ஊற்றிய வார்ப்பு. சுவாமிமலையில் ஐம்பொன் வார்ப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அப்பா. குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு மெல்லிசுக் கம்பிக்குள்ள உலோகம் ஓடிச்சே" என்றார், வேறெதுவும் பேசவில்லை.

வெளியே செப்டிமா என்று அழைக்கப்படும் ஏழாவது கரேராவில் ஞாயிறு கூட்டம். பாடுகிறவர்கள், செஸ் ஆடுகிறவர்கள், தள்ளுவண்டிப் பழங்கள். ஒரு வண்டியில் மஞ்சளாக உச்சுவா குவித்திருந்தது. காய்ந்த உறையைப் பிரித்தால் உள்ளே சின்ன உருண்டைப் பழம். நாம் வரப்போரம் பறித்து, நெற்றியில் அடித்துச் சொடக்கு விடுவோமே, அந்தச் சொடக்குத் தக்காளியின் பெரிய சொந்தக்காரன். ஒரு பொட்டலம் வாங்கினோம்.

சாப்பாட்டுக்கு அஹியாகோ சாப்பிடாமல் வராதீர்கள். கோழியும் மூன்று வகை உருளைக்கிழங்கும் போட்ட கெட்டியான சூப். பாப்பா கிரியோயா என்ற மஞ்சள் குட்டிக் கிழங்கு முழுசாகக் கரைந்து குழம்பைக் கெட்டியாக்கிவிடுகிறது, மற்ற இரண்டும் துண்டாக நிற்கின்றன. குவாஸ்கஸ் என்ற கீரை அதற்குத் தனி வாசனை தருகிறது. நடுவில் சோளக்கதிர் துண்டு, பக்கத்தில் சோறு, அவகாடோ, பாலேடு. குளிருக்கு அவ்வளவு இதம். காரம் கிடையாது, ஆஹி என்ற மிளகாய்ச் சட்னி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சைவக்காரர்கள் கோழித் துண்டை எடுத்துவிடச் சொன்னாலும் கொதித்தது கோழிச் சாற்றில்தான். அவர்களுக்கு அரேப்பா என்ற சோள ரொட்டியும், சூடான சாக்லேட்டில் பாலாடைக்கட்டி போட்டுத் தருவார்களே, அதுவும் சரியாக இருக்கும்.

சாப்பிட்டு முடித்ததும் மழை பிடித்துக்கொண்டது. அக்டோபர் அங்கே மழைக்காலம், குடை எடுத்துப்போங்கள். எங்களிடம் இல்லை. பொலிவார் சதுக்கத்தை ஒரு கடை வாசலில் ஒதுங்கி நின்று பார்த்தோம். பொத்தேரோ அருங்காட்சியகத்துக்கு ஓடி, அரை மணி நேரம் அந்தக் குண்டு குண்டு உருவங்களைப் பார்த்தோம். அதுவும் இலவசம், செவ்வாய் விடுமுறை. ஓவியர் ஃபெர்னாந்தோ பொத்தேரோ தன் ஓவியங்களையும் தான் சேர்த்து வைத்த மற்றவர்களின் ஓவியங்களையும் தூக்கிக் கொடுத்துவிட்டார், கட்டணம் வாங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. நேரம் இருப்பவர்கள் ஒரு மணி நேரமாவது கொடுங்கள்.

3.10க்கு டாக்சி. மழையில் காயே 26 நின்று நின்று போனது, காலையில் இருபத்தைந்து நிமிடமாக இருந்த தூரம் ஒரு மணி பத்து நிமிடம் எடுத்தது. போட்டு வைத்த கணக்குக்குள் வந்து சேர்ந்தோம், அதில் எனக்கு நிம்மதி. சோதனைகள் முடிந்து கேட்டுக்குப் போய் உட்கார்ந்ததும் அப்பாவின் ஈர சாக்ஸைக் கழற்றி வேறு மாட்டிவிட்டேன். பையில் ஒரு ஜோடி சாக்ஸ் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக் கொடுத்தேன். மலையைப் பற்றியோ மயக்கத்தைப் பற்றியோ அவர் மூச்சு விடவில்லை. "இந்தா, கேளு" என்று ஆரம்பித்தார். "இந்த ஊருலேயும் சுண்ணாம்புக் கரண்டகம் இருக்கு. தங்கத்துல." அம்மா நம்பவில்லை. அப்பா சட்டைப்பையிலிருந்து டப்பியை எடுத்து கேமரா முன்னால் பிடித்து, "இது மாதிரிதான், வாயைச் சுத்தி மட்டும் நாலு உருண்டை" என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தார். லிமா விமானத்துக்கு அழைத்த பிறகும் போனை வைக்கவில்லை.